கேனரி தீவில் மஞ்சள் கேனரி இல்லை

மார்ச் 22, சனி – புவெர்தோ தே லா குரூஸ், டெனரிஃபே தீவு, ஸ்பெயின்

விமானம் இறங்கும்போது வெளியே ஒன்றும் தெரியவில்லை. மேகமாக இருக்கும் என்று பேசாமல் இருந்தேன். கதவு திறந்ததும் மூக்கில் ஏறியது மண். சஹாராவிலிருந்து கிழக்குக் காற்றோடு கடலைத் தாண்டி வருகிற புழுதி, இங்கே அதைக் கலீமா என்கிறார்கள், வந்தால் இரண்டு மூன்று நாள் தங்கிவிட்டுத்தான் போகுமாம். ஆப்பிரிக்கக் கரை இங்கிருந்து 300 கிலோமீட்டர் சொச்சம்தான், அதனால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வானம் பழுப்பு, வெயில் இல்லாமலே புழுக்கம், 3,715 மீட்டர் உயரத் தெய்தே எரிமலை இருக்க வேண்டிய திசையில் வெறும் மங்கல். மான்செஸ்டரிலிருந்து நாலரை மணி நேரம் பக்கத்து இருக்கையில் தூங்கியே வந்த அக்கா, விமான நிலைய வாசலில் நின்று முகத்தைச் சுளித்தாள்.

"டேய், இந்தப் புழுதியைத் திங்கத்தான் என்னை லீவு போடச் சொன்னியா?"

கடற்கரை, வெயில், மீன் என்றெல்லாம் சொல்லித்தான் அவளைக் கிளப்பினேன். எனக்கு வேண்டியிருந்தது ஒரு பறவை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கூண்டுக்குள் பார்த்துப் பழகிய அந்த எலுமிச்சை மஞ்சள் கேனரியின் சொந்த ஊர் இந்தத் தீவுக்கூட்டம். இதையும் இதற்கு வடக்கே உள்ள மதேய்ரா, அசோர்ஸ் தீவுகளையும் விட்டால் அதற்கு வேறு பூர்வீகம் கிடையாது. அக்கா வீடு வரை வந்தாயிற்று, இன்னும் கொஞ்சம் தெற்கே போய்விட்டு வரலாமே என்றுதான்.

தெற்கு விமான நிலையத்திலிருந்து வடக்குக் கரைக்குப் பேருந்து. குடியிருப்பவர்களுக்கு அட்டை இருந்தால் இலவசம், நமக்குக் காசு, இதை அக்கா மூன்று முறை சொல்லிக் காட்டினாள். தங்கிய வீட்டுக்கு எதிர் மாடியில், துணி காயும் கொடிக்குப் பக்கத்தில், ஒரு கூண்டு. உள்ளே பளிச்சென்று ஒரு மஞ்சள் கேனரி. புழுதியை எல்லாம் பொருட்படுத்தாமல் இருட்டும்வரை பாடியது. "அதான் பார்த்தாச்சே, நாளைக்குக் கடற்கரை போகலாமா?" என்றாள் அக்கா.

மார்ச் 23, ஞாயிறு – தாவரவியல் பூங்கா

கடற்கரையில் சிவப்புக் கொடி, அலை பெரிதாம். நான் ஒன்றும் சொல்லவில்லை, பூங்காவுக்கு நடந்தோம்.

1788இல் மூன்றாம் கார்லோஸ் அரசர் உத்தரவில் உண்டாக்கிய தோட்டம் இது. அமெரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வரும் வெப்பமண்டலச் செடிகளை இங்கே கொஞ்ச காலம் வைத்துப் பழக்கி, அப்புறம் மாட்ரிட் பக்கம் கொண்டுபோவது என்பது திட்டம். மாட்ரிட் குளிரில் அவை பிழைக்கவில்லை, தோட்டம் மட்டும் இங்கே தங்கிவிட்டது. நடுவில் விழுதுகளைத் தூண்களாக ஊன்றி நிற்கும் ஒரு பிரம்மாண்டமான ஆஸ்திரேலிய அத்தி மரம். அதன் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது மேலே பனை உச்சியிலிருந்து அந்தக் குரல் வந்தது, நேற்று கூண்டில் கேட்ட அதே குரல், ஆனால் இன்னும் வேகமாக, நடுநடுவே தகரத்தில் தட்டுகிற ஒலி சேர்ந்து. பைனாகுலரில் பிடிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று.

மஞ்சள் இல்லை. அதாவது இருக்கிறது, நெற்றியிலும் தொண்டையிலும் மார்பிலும் பச்சை கலந்து மங்கிய மஞ்சள். முதுகு முழுக்கச் சாம்பலும் பழுப்புமாகக் கோடுகள். சுமார் பன்னிரண்டரை சென்டிமீட்டர் நீளம். பெட்டை இன்னும் மங்கல், அது புல்வெளியில் விதை பொறுக்கிக்கொண்டிருந்ததை நாலு பேர் மிதிக்காத குறையாகக் கடந்து போனார்கள்.

பைனாகுலரை அக்காவிடம் கொடுத்தேன். நிதானமாகப் பார்த்தாள். "இதுவா? நம்ம சிட்டுக்குருவி மேல மஞ்சத்தண்ணி ஊத்தின மாதிரி இருக்கு. இதுக்கா வந்த?"

எனக்கு இது காட்டுக் கேனரியின் நிறம் என்று படித்தே தெரியும். தெரிந்திருந்தும் நேரில் பார்க்கும்போது ஒரு ஏமாற்றம் வரத்தான் செய்தது, மனதில் பதிந்திருந்தது அந்தச் சந்தை நிறம். காட்டுப் பறவையின் இறகில் இரண்டு சமாச்சாரம் இருக்கிறது. ஒன்று மஞ்சள் கரோட்டினாய்டு. பறவைகளால் இதை உடம்பில் உற்பத்தி செய்ய முடியாது, தின்கிற இலை, விதையிலிருந்துதான் எடுத்து இறகில் சேர்க்க வேண்டும். இன்னொன்று கருமை தரும் மெலனின். இரண்டும் சேர்ந்தால்தான் அந்தப் பச்சைப் பழுப்பு. ஸ்பெயினின் காஸ்டீல் அரசுப் படைகள் 1496இல் இந்த டெனரிஃபேயைப் பிடித்தபின் இந்தப் பறவை கப்பலேறி ஐரோப்பா போயிற்று. பாடுவது ஆண் என்பதால் ஸ்பெயின்காரர்கள் ஆணை மட்டுமே விற்றார்கள், அடுத்த கூண்டுக்காரன் தானே குஞ்சு பொரித்துவிடக் கூடாது அல்லவா, அப்படி ஒரு வியாபார மூளை என்று சொல்வார்கள். எப்படியோ பெட்டையும் கைமாறி, இத்தாலியிலும் ஜெர்மனியிலும் தலைமுறை தலைமுறையாக வளர்த்ததில் மெலனின் குறைந்த குஞ்சுகள் பிறந்தன, அவற்றையே பொறுக்கிப் பொறுக்கி இணைசேர்த்தார்கள், கடைசியில் மஞ்சள் மட்டும் மிஞ்சியது. அதாவது உலகத்துக்குத் தெரிந்த கேனரி மஞ்சள் மனிதர்கள் கூண்டில் செய்தது. பசிபிக்கில் மிட்வே தீவில் 1900களின் தொடக்கத்தில் கடலடித் தந்திக் கம்பெனி ஆட்கள் விட்ட வளர்ப்புக் கேனரிகள் அங்கே காட்டுப் பறவையாகவே பெருகிவிட்டன. மஞ்சள் கேனரியைக் கூண்டில்லாமல் பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். இதை அக்காவிடம் சொல்லவில்லை.

மாலை ஒரு கடையில் பராக்கீட்டோ குடித்தோம். சின்னக் கண்ணாடி டம்ளரில் அடியில் கண்டென்ஸ்டு மில்க், மேலே காபி, நுரை, பட்டைத்தூள், எலுமிச்சைத் தோல் என்று அடுக்கடுக்காக இருக்கும். ரொம்ப நன்றாக இருக்கிறது என்று அக்கா இரண்டாவதும் வாங்கினாள். அந்த அடுக்குகளில் ஒன்று மதுபானம் என்று பில்லோடு வந்த பையன் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மார்ச் 24, திங்கள் – லா லகூனா, அனாகா

கீழே புழுக்கம், லா லகூனாவில் ஸ்வெட்டர் தேவைப்பட்டது. 550 மீட்டர் ஏறியதற்கே இப்படி. அங்கிருந்து அனாகா மலைக்குப் போனால் இன்னும் குளிர், மேகம் மரத்துக்குள் புகுந்து சொட்டச் சொட்ட நனைக்கிறது, மழை என்று சொல்ல முடியாது ஆனால் சட்டை ஈரம். லாரல் மரக்காடு, பாசி ஏறிய வளைந்த கிளைகள். ஐரோப்பாவின் தெற்கில் பல பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் இந்த மாதிரிக் காடு பரவியிருந்ததாம், இப்போது இந்தத் தீவுகளிலும் மதேய்ரா, அசோர்ஸிலும்தான் முக்கியமாக மிச்சம்.

குரூஸ் தெல் கார்மென் என்ற இடத்தில் சாப்பாட்டு மேசைகள் போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்த உடனே ஒரு ஃபிஞ்ச் பறவை வந்து மேசை மேலேயே நின்றது. இந்தத் தீவுகளின் சாஃபிஞ்ச், ஆண், நீலச்சாம்பல் முதுகு, இளஞ்சிவப்பு மார்பு. அக்காவின் ரொட்டியைப் பார்க்கிறது, அக்காவைப் பார்க்கிறது, மறுபடி ரொட்டி. துரத்தினால் ஒரு அடி பின்னால் போய் நிற்கிறது. "இதுக்கு இருக்கிற தைரியம் உன் கேனரிக்கு இல்லையே" என்று பாதி ரொட்டியைக் கொடுத்துவிட்டாள். கொடுக்கக் கூடாது என்று பலகை இருந்தது, ஸ்பானிஷில்.

இறங்கி வந்து லா லகூனாவில் ஒரு சதுக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, வயதான ஒருவர் துணி போர்த்திய சின்னக் கூண்டோடு வந்து பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார். துணியை விலக்கினார். உள்ளே பச்சைக் கேனரி. நான் பூங்காவில் பார்த்த அதே நிறம். ஆர்வம் தாங்காமல் கைபேசியை மொழிபெயர்ப்பில் போட்டுப் பேச்சுக் கொடுத்தேன். இது திம்பிராதோ, ஸ்பெயினில் பாட்டுக்காகவே வளர்க்கிற வகை, காட்டுக் கேனரியின் ரத்தம் இதில் உண்டு, அதனால்தான் பச்சை என்றார். பறவைக்கு வெயில் காட்ட அழைத்து வந்தாராம். தீனி என்ன என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்தே எடுத்துக் காட்டினார், அல்பிஸ்தே, கம்பைவிட மெலிந்து பளபளப்பாக இருக்கும் ஒரு புல்விதை. உலகம் முழுக்கக் கூண்டுப் பறவைத் தீனியில் இருக்கிற விதை இதுதான்.

ஜெர்மானிய ரோலர் வகை அலகைத் திறக்காமல் உள்ளுக்குள்ளேயே உருட்டி உருட்டிப் பாடும், அது தூங்க வைக்கிற பாட்டு, இது எழுப்புகிற பாட்டு என்று கொஞ்சம் அலட்சியமாகச் சொன்னார். ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கத் தொழிலாளர்கள் அந்த ரோலரை வீட்டுக்கு வீடு வளர்த்து விற்றுப் பிழைத்தார்கள் என்பது எனக்குத் தெரியும், ஆனால் கைபேசி அதற்குள் சார்ஜ் இறங்கிக்கொண்டிருந்தது. குஞ்சுக்குப் பாட்டு எப்படி வருகிறது என்பதைக் கேட்டுவிட்டேன். நல்ல பாடகன் ஒன்றின் கூண்டுக்குப் பக்கத்தில் இளசுகளை வைத்தால் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொள்ளும், பல ஆண்டு பாடிய பறவைகூட வருஷா வருஷம் ஒன்றிரண்டு அடியை மாற்றிக்கொள்ளும் என்றார். இதை நியூயார்க்கில் பெர்னாண்டோ நோட்டபோம் என்ற ஆய்வாளர் கேனரிகளை வைத்துத்தான் பிடித்தார். பாட்டுக்கான மூளைப் பகுதி வசந்தத்தில் பெருத்து இலையுதிர் காலத்தில் சுருங்குகிறது, வளர்ந்த பறவையின் மூளையிலும் புது நரம்பணுக்கள் உண்டாகின்றன என்று 1980களில் காட்டினார். வளர்ந்தபின் மூளையில் புது அணுவே வராது என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

உங்கள் ஊரில் எது பாடும் என்று பெரியவர் திருப்பிக் கேட்டார். மிச்சமிருந்த சார்ஜில் குயிலைப் போட்டுக் காட்டினேன். கவனமாகக் கேட்டார், தலையை ஆட்டினார், ஏதோ சொன்னார். கைபேசி அதைத் தமிழில் காட்டியது: "இது பாட்டு அல்ல, புகார்."

திரும்பும் வழியில் அக்கா, மான்செஸ்டர் அறிவியல் அருங்காட்சியகத்தில் ஒரு கூண்டைப் பார்த்ததாகச் சொன்னாள். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகிற கேனரிக் கூண்டு, வட்டமான முன்கதவு, மேலே ஒரு சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டர். கார்பன் மோனாக்சைடில் பறவை மயங்கி விழுந்ததும் ஆட்கள் வெளியேற வேண்டும், அதோடு கதவை மூடி வால்வைத் திறந்தால் பறவையும் பிழைத்துக்கொள்ளும். 1890களில் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி சொன்ன யோசனையில் ஆரம்பித்த வழக்கம், பிரிட்டனில் 1986 வரை இருந்தது. சின்ன உடம்பு, வேகமான மூச்சு, அதனால் விஷவாயு மனிதனுக்கு முன்னால் அதைத் தாக்கும். "அந்தச் சிலிண்டரைப் பார்த்ததும்தான் எனக்கு மனசு ஆறிச்சு" என்றாள்.

மார்ச் 25, செவ்வாய் – லா ஓரோதாவா பக்கம்

புழுதி போய்விட்டது. முதல் தடவையாகத் தெய்தே தெரிந்தது, உச்சியில் கொஞ்சம் பனி. அக்காவுக்குக் கடற்கரை, எனக்குக் காலில் கொப்புளம். கரிய எரிமலை மணல், நண்பகலில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது.

மதியம் ஒரு குவாச்சிஞ்சே. திராட்சைத் தோட்டக்காரர்கள் தங்கள் மதுவை விற்க வீட்டிலேயே சில மாதங்கள் நடத்துகிற சாப்பாட்டுக் கடை, மது தீர்ந்தால் கடை மூடல். நாங்கள் போனது ஒரு கார் நிறுத்தும் கொட்டகை, நிஜமாகவே ஒரு மூலையில் டிராக்டர் நின்றது. உப்புத் தண்ணீரில் வற்ற வற்ற வேகவைத்துத் தோல் சுருங்கிய சின்ன உருளைக்கிழங்கு, தோலோடு சாப்பிட வேண்டும், தொட்டுக்கொள்ள மிளகாயில் ஒன்றும் கொத்தமல்லியில் ஒன்றுமாக மொஹோ. கொண்டைக்கடலைக் குழம்பு, பன்றிக்கறி வறுவல், அரை லிட்டர் சிவப்பு மது. கோஃபியோ என்ற வறுத்த தானிய மாவைக் குழம்பில் கிளறிக் களியாகக் கொண்டுவந்து வைத்தார்கள், நாங்கள் கேட்கவில்லை, பில்லிலும் இல்லை. இரண்டு பேருக்கு 24 யூரோ. பரிமாறிய அம்மா அக்காவின் தட்டில் மிச்சம் இருப்பதைப் பார்த்து இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டார், காலியாகும்வரை நகரவில்லை.

வாய்க்கால் ஓரத்தில் வயிறு முழுக்க மஞ்சளாக ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு ஓடியது. "அதோ உன் கேனரி!" என்று அக்கா கத்தினாள். சாம்பல் வாலாட்டி. இதன் உறவுகள் குளிர்காலத்தில் நீலகிரிக்கே வருகின்றன. தீவில் பார்த்ததிலேயே நல்ல மஞ்சள் அதுதான், அதையும் சொல்ல வேண்டும்.

மார்ச் 26, புதன் – தெய்தே, லாஸ் லாஹாஸ், விலாஃப்லோர்

வாடகைக் கார், அக்கா ஓட்டினாள். சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், கியர் வலக்கையில், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எனக்கு ஒரு வசவு. மேலே பைன் காட்டில் அடிமரங்கள் கரிக்கட்டையாக நிற்கின்றன, 2023 ஆகஸ்டில் எரிந்தவை, அந்தத் தீயில் கிட்டத்தட்ட 15,000 ஹெக்டேர் போயிற்று. ஆனால் கரிந்த பட்டையைப் பிளந்துகொண்டு பச்சைத் தளிர்கள் கொத்துக் கொத்தாக வந்திருக்கின்றன. கேனரி பைனின் குணம் அது, பெரும்பாலான பைன்களால் இது முடியாது.

தெய்தே ரோப்கார் காற்று காரணமாக ஓடவில்லை. அங்கே இருந்த கூட்டத்தில் நாங்கள் மட்டும்தான் கவலைப்படவில்லை.

லாஸ் லாஹாஸ், சுமார் 2,100 மீட்டர். பைன் மரங்களுக்கு நடுவே சமையல் மேடைகள், மேசைகள், குடிநீர்க் குழாய். குழாய் சொட்டும் இடத்தில் பறவைகள் வரிசையாகத் தண்ணீருக்கு வருகின்றன, ஐரோப்பியப் பறவை ஆர்வலர்கள் எல்லாருக்கும் தெரிந்த இடம். பீரங்கி அளவு லென்ஸோடு ஏழெட்டுப் பேர் ஏற்கெனவே தரையில் படுத்திருந்தார்கள். அவர்கள் தேடி வந்தது நீலச் சாஃபிஞ்சை. இந்தத் தீவின் பைன் காட்டைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை, கிரான் கனாரியா தீவில் இருப்பதைக்கூட இப்போது தனி இனமாகப் பிரித்துவிட்டார்கள். ஆண் வந்தது, சிலேட்டு நீலம், தடித்த அலகு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். கேமராக்கள் படபடவென்று வெடித்தன. அது போனதும் ஒரு கேனரிக் கூட்டம் இறங்கிக் குழாயடியில் குளித்தது, ஆண்களின் நெற்றி நல்ல வெயிலில் உண்மையாகவே தங்க நிறம். பக்கத்தில் படுத்திருந்தவர் கண்ணை லென்ஸிலிருந்து எடுத்து, "வெறும் கேனரி" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன வெறும் கேனரி? ஊரே இதுங்களோடதுதானே?" என்று தமிழிலேயே சொன்னாள். அப்புறம் அரைமணி நேரம் அவள்தான் பைனாகுலரை வைத்திருந்தாள், எனக்குத் தரவில்லை. அதற்குள் கன்னத்தில் நீலப் புள்ளிகளோடு ஒரு பல்லி எங்கள் பையில் ஏறிச் சீஸைக் கவ்விக்கொண்டு போயிற்று. நாங்கள் துரத்த, படுத்திருந்த லென்ஸ்காரர்கள் உஷ் உஷ் என்றார்கள்.

விலாஃப்லோரில் 45 மீட்டர் உயர பீனோ கோர்தோ பைன் மரத்தைப் பார்த்துவிட்டு, பாதாம் கேக் ஒரு துண்டு 3 யூரோவுக்கு வாங்கித் தின்றோம். விலை அதிகம், கேக் அருமை.

மார்ச் 27, வியாழன் – கிளம்பும் நாள்

பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு பறவைக் கடை. வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசிக் கூண்டில் குங்குமச் சிவப்பில் இரண்டு கேனரி. இந்தச் சிவப்பு கேனரியுடையதே இல்லை. 1920களில் ஹான்ஸ் டுங்கர் என்ற ஜெர்மானியர் வெனிசுவேலாவின் சிவப்பு சிஸ்கின் என்ற சிறு பறவையோடு கேனரியை இணைசேர்த்து ஆரம்பித்து வைத்தது. மஞ்சள் நிறமியைச் சிவப்பாக மாற்றும் மரபணு அந்த வழியில் உள்ளே நுழைந்ததை 2016இல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். கூண்டுச் சிவப்புக்காக இப்படிப் பிடித்துப் பிடித்தே சிஸ்கின் இன்று காட்டில் அருகிவிட்டது. எனக்கு அந்தக் கூண்டைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அக்கா கடைக்காரரிடம் கையால் காட்டி, பச்சை இல்லையா, காட்டில் இருக்கிற மாதிரி, என்று கேட்டாள். அவர் வாசலைக் காட்டினார், வெளியே மின்கம்பியில் ஒன்று உட்கார்ந்திருந்தது. அதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்பது போலத் தோளைக் குலுக்கினார்.

விமானத்தில் அக்கா, மான்செஸ்டர் வீட்டுப் பின்பக்கம் தீனி வைத்தால் மஞ்சளாக ஏதாவது வருமா என்றாள். கோல்ட்ஃபிஞ்ச் வரும், சிறகில் மஞ்சள் பட்டை, முகத்தில் சிவப்பு. கிரீன்ஃபிஞ்ச்சும் வரலாம், ஆனால் டிரைக்கோமோனாஸ் ஒட்டுண்ணி நோயில் அது பெருமளவு செத்து, 2021இல் ஆபத்திலுள்ள பறவைகளுக்கான பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அழுக்குத் தீனித்தட்டு, தண்ணீர்த்தட்டு வழியாகவும் அந்த நோய் பரவும், அதனால் தட்டுகளை அடிக்கடி கழுவிக் காயவைக்க வேண்டும் என்றேன்.

"கழுவுறது உங்க மாமா வேலை," என்றாள் அக்கா. "நான் பார்க்கிறதோட சரி."